வீடு மாறிய கணினி



இந்த வாரம் கணினியைப் பற்றி எழுத எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கேபினெட்டிலிருந்து மற்றொரு கேபினெட்டுக்கு மாற்றப்பட்ட கணினியை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழலுகிறது, மானிட்டரில் மட்டும் ஒன்றும் தோன்றுவதில்லை. கடைக்காரர்கள் இதனை "டிஸ்ப்ளே வரவில்லை" என்று இரண்டே சொற்களில் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து காரணங்கள் இருக்கக்கூடும். அவற்றில் பெரும்பாலானவை ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் தீரக்கூடியவை. ஆனாலும் நம்முடைய வாயிலிருந்து முதலில் வருவது "போர்டு போய்விட்டது" என்பதும், அதற்கு அடுத்தபடியாக "யார் கைவைத்தது?" என்பதும்தான்.

எங்கள் சபை அலுவலகத்தில் நடந்ததை வைத்தே இதைச் சொல்லுகிறேன். கடலோர ஊர் ஆகையால் உப்புக்காற்று இரும்பை நெடுநாள் விட்டுவைப்பதில்லை. கணினியின் பழைய கேபினெட் அடிப்பகுதி துருவேறி, பக்கத்துத் தகடு கையோடு பெயர்ந்து வரும் நிலைக்கு வந்துவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு குடும்பத்தார் பெரிய கேபினெட் ஒன்றை வாங்கி அனுப்பினார்கள். பாலிடெக்னிக்கில் படிக்கும் எங்கள் வாலிபர் ஐக்கியத் தம்பி ஒருவன் ஒரு சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிய கேபினெட்டுக்கு மாற்றினான். மாலையில் பொத்தானை அழுத்தினான். டிஸ்ப்ளே வரவில்லை.

அந்தக் கணினியில் இருந்தது கணக்கு வழக்கு மாத்திரம் அல்ல. கரையான் தின்றதுபோக எஞ்சியிருந்த பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் திருமணப் பதிவேடுகளையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அதில் சேர்த்து வைத்திருந்தோம். முடிப்பதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. சில பக்கங்கள் படம் எடுத்த கையோடு உதிர்ந்தும் போயின. பாட்டனாரின் பெயருக்குச் சான்று கேட்டு வருகிறவர்களுக்கு அந்தப் படத்தைவிட்டால் வேறு ஆதாரம் இல்லை. ஆகவே ஞாயிறு காலையில் செய்தி பரவியபோது, கமிட்டி அங்கத்தினர் ஒருவர் ஆலய வாசலில் எல்லார் காதும் கேட்க, "படிக்கிற பிள்ளை கையில் கொடுத்தால் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். தம்பி ஒன்றும் பதில் பேசவில்லை. ஆராதனையில் கீபோர்டு வாசிக்கிறவன் அவன். அடுத்த ஞாயிறு அவனுடைய இடம் வெறுமையாக இருந்தது. அதற்கும் அடுத்த ஞாயிறும் அப்படியே.

இதற்கிடையில் கணினி ஒரு சர்வீஸ் கடைக்குப் போய் இரண்டு நாளில் திரும்பி வந்தது. "போர்டு டெட். புதுசு போட வேண்டும்" என்பது அவர்களுடைய தீர்ப்பு. எதைச் சோதித்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டேன். "ஆன் பண்ணிப் பார்த்தோம்" என்றார்கள்.

நான் இறையியல் கல்லூரியில் கற்றது எபிரேயமும் கிரேக்கமும், மின்னணுவியல் அல்ல. என்றாலும், ஒருவரைச் செத்தவர் என்று எழுதுவதற்குமுன் நாடியைப் பிடித்துப் பார்க்கவேண்டும் என்கிற அளவு எனக்கும் தெரியும். தொலைபேசித் துறையில் கம்பிப்பழுது பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார். அவரை அழைத்தேன். வந்தவர் கணினியைத் தொடுவதற்குமுன், "ஐயா, இது செத்துப்போச்சுன்னு யாரு பார்த்தா?" என்று கேட்டார். அதன்பின் அவர் செய்தவற்றைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் வீட்டிலோ, பிள்ளைகளின் அறையிலோ, அலுவலகத்திலோ ஒருநாள் இது உதவும்.

முதலாவது அவர் பழுதைத் தேடவில்லை, இழப்பைத் தேடினார். மின் இணைப்பைத் துண்டித்து, ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி, யு.எஸ்.பி. மாற்றுக்கேபிள் ஒன்றின் வழியாகத் தம்முடைய மடிக்கணினியில் பொருத்தினார். பதிவேட்டுப் படங்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. டிஸ்ப்ளே வராததற்கும் சேமித்தவை அழிவதற்கும் சம்பந்தம் இல்லை என்பதை அறியாதவர்கள் நம்மில் அநேகர். படத்தைக் காட்டுகிற வழி அடைபட்டிருக்கிறது. படம் இருக்கிற அறை அப்படியே இருக்கிறது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டதும் அலுவலகத்தில் இருந்த பதற்றம் பாதியாகக் குறைந்துபோயிற்று. (ஒரு எச்சரிப்பு: விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்ட டிஸ்க் ஆனால், அதன் மீட்புச்சாவி எண் இல்லாமல் வேறு கணினியில் திறக்காது. அந்த எண்ணைக் கணினிக்கு வெளியே எழுதி வைத்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள்.)

அடுத்து அவர் சொன்ன நியாயத்தைக் கவனியுங்கள். "வெள்ளிக்கிழமை ஓடினது சனிக்கிழமை ஓடலைன்னா, நடுவில அதுக்கு வயசாகலை ஐயா. கை பட்டிருக்கு. கை பட்ட இடத்தைத்தான் பார்க்கணும்." கேபினெட் மாற்றுவது எளிய வேலைபோலத் தோன்றும். உண்மையில் மதர்போர்டுக்கு வருகிற ஒவ்வொரு இணைப்பும் கழற்றப்பட்டு மீண்டும் மாட்டப்படுகிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் தடித்த கேபிள்கள், டிஸ்க்குகளின் கேபிள்கள், முன்பக்கப் பொத்தான்களின் மெல்லிய கம்பிகள், யு.எஸ்.பி., ஒலி, மின்விசிறிகள் என்று இருபதுக்குக் குறையாத மூட்டுகள். பாகங்கள் சாவது அபூர்வம். மூட்டுகள் நழுவுவது சாதாரணம்.

ஆகையால் வெளியிலிருந்து உள்ளே வரவேண்டும். மானிட்டருக்கு மின்சாரம் வருகிறதா, அதில் எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளே போர்ட், வி.ஜி.ஏ. என்னும் வழிகளில் சரியான வழி தெரிந்தெடுக்கப்பட்டிருக்கிறதா, வேறொரு கேபிளை மாட்டினால் என்ன ஆகிறது என்பவற்றை முதலில் பாருங்கள். அடுத்தது மிகவும் பொதுவான காரணம். தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினியில் மானிட்டர் கேபிளை அந்தக் கார்டின் துளையில் மாட்டவேண்டும். கேபினெட்டைத் திருப்பி வைத்து அவசரமாக மாட்டும்போது, மேலே மதர்போர்டில் இருக்கிற அதே வடிவத் துளையில் மாட்டிவிடுவது எளிது. இன்டெல் பிராசசர்களில் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால், அதற்குள் படம் காட்டும் பகுதி செயல்படாது. அப்படிப்பட்ட கணினியில் மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தும் பயன் இல்லை. எங்களுடையதில் தனிக் கார்டு கிடையாது. ஆகையால் இது எங்களைத் தொடவில்லை.

பிறகு மின்சாரம். பக்கத்துத் தகட்டைக் கழற்றுவதற்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கணினியின் பொத்தானை ஒருமுறை அழுத்தி, மிச்சமிருக்கும் மின்சாரத்தை வெளியேற்றிவிடுங்கள். உள்ளே கைவைக்குமுன் கேபினெட்டின் வண்ணம் பூசாத இரும்பைத் தொடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் திறவாதிருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

மதர்போர்டுக்கு இரண்டு முக்கியமான மின் இணைப்புகள் உண்டு. 24 பின்கள் கொண்ட பெரியது ஒன்று. அது கண்ணுக்குத் தெரியும், யாரும் மறப்பதில்லை. மற்றது பிராசசருக்கென்றே வரும் 4 அல்லது 8 பின்கள் கொண்ட சிறியது. போர்டின் மேல் மூலையில், மின்விசிறிக்கும் கேபினெட்டின் கூரைக்கும் இடையில் ஒளிந்திருக்கும். இதை மாட்ட மறந்தாலும், பாதி மாட்டினாலும், விளக்கு எரியும், மின்விசிறியும் சுழலும்; பிராசசருக்கு மட்டும் உணவு இராது. பெரிய கேபினெட்டுக்கு மாறும்போது பழைய கேபிளின் நீளம் போதாமல் இழுபட்டு நின்று, கொண்டி விழாமலே இருப்பதும் உண்டு. "கிளிக்" என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தவேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளும் தோற்றத்தில் இதைப் போலவே இருக்கும், ஆனால் பின்களின் அமைப்பு வேறு; பலவந்தமாக நுழைக்கக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாற்றுகிறவர்களுக்கு இன்னொன்று. கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட வகையில், பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிள்களைப் புதியதில் மாட்டாதிருங்கள். முனை பொருந்தும், உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கக்கூடும். டிஸ்க்குகள் உண்மையாகவே எரிந்துபோவது அப்படித்தான்.

அண்ணாச்சி இரண்டையும் கழற்றி மாட்டினார். மாற்றம் இல்லை. ராமைக் கழற்றினார். அதன் தங்கநிறப் பற்களை மென்மையான அழிரப்பரால் துடைத்து, துகளைத் தட்டி, ஒரே ஒரு ராமை மட்டும் மாட்டினார். கேபினெட் மாற்றும்போது ராமைக் கழற்றாவிட்டாலும் போர்டு வளைவதால் அது சற்று எழும்பிவிடுவது உண்டு என்றார். எந்தத் துளையில் மாட்டுவது என்பதைப் போர்டோடு வந்த கையேடு சொல்லும். நான்கு துளைகள் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து இரண்டாவது துளை. இங்கே பொறுமையைப் பற்றி ஒரு சொல். டி.டி.ஆர். 5 வகை ராம் உள்ள புதிய கணினிகள், பயாஸ் அமைப்புகள் அழிக்கப்பட்ட பிறகு முதன்முறை தொடங்கும்போது, ராமைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும். அதுவரையில் திரை இருண்டே இருக்கும். அரை நிமிடத்தில் அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அணைக்கிறவர் அதை ஒருநாளும் முடிக்க விடமாட்டார். எங்களுடையது பழைய வகை. ஆகையால் இதுவும் காரணம் அல்ல.

கணினி பேசாமல் இருக்கிறது என்று சொல்லுகிறோம். திரையில் பேசவில்லை என்பதுதான் சரி. 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன்னுடைய பி.சி.யை வெளியிட்டபோதே, மின்சாரம் வந்தவுடன் கணினி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, எல்லாம் நலம் என்றால் ஒரு குறுகிய "பீப்" ஒலி எழுப்பும்படி செய்திருந்தார்கள். குறை இருந்தால் ஒலியின் எண்ணிக்கையும் நீளமும் மாறும். திரையே இல்லாதபோது திரையில் எழுதிப் பயன் இல்லை என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள். இன்றைய கேபினெட்டுகள் பலவற்றில் அந்தச் சிறிய ஸ்பீக்கர் வருவதில்லை. மிகக் குறைந்த விலைக்குக் கடையில் கிடைக்கும். வாங்கி மாட்டினால் ஊமைக்கு வாய் வந்ததுபோல் இருக்கும். புதிய போர்டுகள் சிலவற்றில் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் உண்டு. பிராசசர், ராம், படம், டிஸ்க் என்று வரிசையாகச் சோதனை நடக்கையில் எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ, அங்கே போய்ப் பார்க்கவேண்டும். இவை ஒன்றும் இல்லையா? கீபோர்டில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால், கணினி உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. குறை மானிட்டர் வழியில் மட்டுமே.

மருத்துவமனைப் படுக்கைகளின் அருகே பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களை வீட்டார் "ஒன்றும் புரியவில்லை ஐயா, நினைவு இல்லை" என்பார்கள். கையைப் பிடித்து, "கேட்டால் விரலை அழுத்துங்கள்" என்று சொன்னால் அழுத்துவார்கள். எத்தனை முறை இதைக் கண்டிருக்கிறேன்! இது வேறு பொருள், நிற்க.

எங்கள் கணினியில் பீப் ஒலியும் இல்லை, கேப்ஸ் லாக் விளக்கும் இல்லை. கடைக்காரர் சொன்னது சரிதானோ என்று எனக்கே தோன்றியது. அண்ணாச்சி அப்போதுதான் உற்சாகம் ஆனார். தொலைபேசிக் கம்பியில் ஐந்து மைலுக்குள் எங்கோ பழுது என்றால், ஒவ்வொரு கம்பமாக ஏறமாட்டார்களாம். நடுவில் பிரித்து, பழுது இந்தப் பாதியிலா அந்தப் பாதியிலா என்று முதலில் அறிவார்களாம். "இங்க ரெண்டே பாதிதான் ஐயா. கணினி ஒண்ணு, கேபினெட் ஒண்ணு. ரெண்டையும் பிரிச்சுப் பார்ப்போம்" என்றார்.

பிரிப்பதற்குமுன் அவர் ஒரு நிபந்தனை போட்டார். "அந்தத் தம்பியைக் கூப்பிடுங்க. மாட்டினவன் கழட்டினாத்தான் எதை எப்படி மாட்டினான்னு தெரியும்." இதற்கு வேறொரு நோக்கமும் இருந்தது என்று நான் நினைக்கிறேன், அவரிடம் கேட்கவில்லை. நானே வீட்டுக்குப் போய் அழைத்தேன். தாயார் முதலில் மறுத்தார்கள். "போதும் ஐயா, பிள்ளை மூணு வாரமா சரியா சாப்பிடலை" என்றார்கள். பையன் உள்ளேயிருந்து எழுந்து வந்து செருப்பைப் போட்டுக்கொண்டான்.

மேசைமேல் அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, மதர்போர்டை முழுவதுமாக வெளியே எடுத்து அதன்மேல் வைத்தார்கள். அட்டை மின்சாரத்தைக் கடத்தாது. பிராசசர், அதன் மின்விசிறி, ஒரே ஒரு ராம், மானிட்டர் கேபிள், இரண்டு மின் இணைப்புகள், வேறொன்றும் இல்லை. டிஸ்க் இல்லை, முன்பக்க யு.எஸ்.பி. இல்லை. கேபினெட்டே இல்லாதபோது பொத்தானும் இல்லை அல்லவா? பொத்தானின் கம்பி மாட்டவேண்டிய இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு விநாடி தொட்டால் போதும். கையேட்டில் அந்தப் பின்களைத் தேடிப்பிடித்து, தம்பிதான் தொட்டான்.

மானிட்டரில் போர்டின் பெயர் வெள்ளை எழுத்தில் வந்தது. டிஸ்க் இல்லை என்று குறைசொல்லி ஒரு வரியும் வந்தது. அத்தனை இனிமையான குறையை நான் கேட்டதில்லை.

ஆக, போர்டு உயிரோடிருந்தது. பிராசசரும் ராமும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் உயிரோடிருந்தன. மூன்று வாரமாகச் செத்தது என்று தீர்ப்புப் பெற்றிருந்த ஒன்று, குடியிருந்த வீட்டைவிட்டு வெளியே எடுத்ததும் பேசிவிட்டது. அப்படியானால் பழுது வீட்டில்.

இங்கே கொஞ்சம் விளக்கவேண்டும். 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையால்தான் யாருடைய போர்டும் யாருடைய கேபினெட்டிலும் பொருந்துகிறது. முழு ஏ.டி.எக்ஸ். போர்டின் அளவு 305 மி.மீ. நீளம், 244 மி.மீ. அகலம். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். என்பது 244க்கு 244. விலை குறைந்தவை அதைவிடவும் ஒடுங்கியிருக்கும். போர்டு கேபினெட்டின் இரும்புத் தகட்டை நேரடியாகத் தொடக்கூடாது. அதன் முதுகு முழுவதும் ஈயம் வைத்த முனைகள். எனவே தகட்டிலிருந்து சற்றே உயர்த்திப் பிடிக்கப் பித்தளைத் தாங்கிகளை முடுக்கி, அவற்றின்மேல் போர்டை வைத்து ஸ்க்ரூ போடுகிறார்கள். ஸ்டாண்ட்-ஆஃப் என்று கடைகளில் சொல்லுவார்கள். போர்டில் துளை எங்கே உண்டோ அங்கே தாங்கி இருக்கவேண்டும். துளை இல்லாத இடத்தில் தாங்கி இருந்தால், அது ஈயமுனைகளைத் தொட்டு, மின்சாரத்தைப் போகக்கூடாத வழியில் கேபினெட்டுக்குள் இறக்கிவிடும். அப்போது சில கணினிகள் ஒரு கணம் சுழன்று நின்றுவிடும்; சில, மின்விசிறி சுழன்றபடியே இருண்டு நிற்கும்.

புதிய கேபினெட்டில் தாங்கிகளைப் பெரிய போர்டுக்கு ஏற்றபடி முன்கூட்டியே முடுக்கி அனுப்பியிருந்தார்கள். எங்கள் போர்டோ சிறியது. தம்பி போர்டில் இருந்த ஒவ்வொரு துளைக்கும் ஒழுங்காக ஸ்க்ரூ போட்டிருந்தான், ஒன்றும் விடவில்லை. ஆனால் போர்டை வைத்த பிறகு அதற்குக் கீழே மறைந்துபோகிற ஒன்றை மேலிருந்து பார்க்கும் எவனும் காணமுடியாது. டார்ச் அடித்துத் தகட்டைப் பார்த்தபோது, வேண்டாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி நின்றிருந்தது. அதன் தலையில் மிக மெல்லிய கீறல். அண்ணாச்சி இடுக்கியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். "நீயே எடு."

அதை எடுத்து, போர்டைத் திரும்ப ஏற்றி, ஒவ்வொன்றாக மாட்டினார்கள். ஒன்று மாட்டுவது, பொத்தானை அழுத்திப் பார்ப்பது, அணைத்துப் பிளக்கைப் பிடுங்குவது, அடுத்ததை மாட்டுவது. ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களை மாற்றக்கூடாது என்பதில் அண்ணாச்சி கண்டிப்பாக இருந்தார். இரண்டை மாற்றிப் பழுது தீர்ந்தால் எதனால் தீர்ந்தது என்று தெரியாது; திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் பதிவேடு திறந்தது.

புதிய வீடு செய்யும் தொல்லை தாங்கியோடு முடிவதில்லை. போர்டுக்கு வெளியே டிஸ்ப்ளே வந்து, உள்ளே வைத்தால் வராதபோது இன்னும் சிலவற்றைப் பாருங்கள். மறுதொடக்கப் பொத்தான் உள்ளே சிக்கி அழுந்தியபடி இருந்தால், கணினி எழும்புவதற்குமுன்னே மறுபடி மறுபடி விழும். அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பின்பக்கம் வைக்கும் மெல்லிய தகட்டின் நாக்கு ஒன்று யு.எஸ்.பி. துளைக்குள் மடங்கி நுழைந்திருக்கும். முன்பக்க யு.எஸ்.பி. இணைப்பில் பின் ஒன்று வளைந்து பக்கத்துப் பின்னைத் தொட்டிருக்கும். இவற்றிலும் தீராவிட்டால், போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்னும் வட்டப் பேட்டரியை, மின்சாரம் துண்டித்த நிலையில், சில நிமிடங்கள் எடுத்து வைத்துத் திரும்பப் போடலாம். பயாஸ் தன்னுடைய ஆதி அமைப்புக்குத் திரும்பும். பிட்லாக்கர் உள்ளவர்கள் நான் மேலே சொன்ன சாவி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள்.

போலியான ஆறுதலைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. போர்டுகள் உண்மையாகவே சாவதும் உண்டு. உலர்ந்த காலத்தில் கையிலிருந்து பாயும் நிலைமின்சாரம் கொல்லக்கூடும். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிப் போர்டின்மேல் ஆழமாகக் கீறினால் கொல்லக்கூடும். பிராசசரின் மின்விசிறியை அவசரமாக இழுக்கும்போது, ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வகையில், பிராசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வந்து, அதன் அடியிலுள்ள பின்கள் வளைந்துபோவதுண்டு. ஆகையால் கேபினெட் மாற்றுவதற்குப் பிராசசரையும் அதன் மின்விசிறியையும் போர்டிலிருந்து கழற்றவே வேண்டாம், பெரும்பாலும் தேவைப்படாது. அட்டைப்பெட்டியின்மேல் வைத்தும், தெரிந்த நல்ல ராமும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் கொடுத்தும் பேசாவிட்டால், அப்போது கடைக்காரர் சொல்லும் சொல்லை ஏற்றுக்கொள்ளலாம். அதுவரையில் அது தீர்ப்பு அல்ல, ஊகம்.

ஊழியத்தில் பணியிட மாற்றம் என்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாமான்களைக் கட்டுகிறோம். ஒவ்வொரு மாற்றத்திலும் என் பிள்ளைகளில் ஒருவர் புதிய பள்ளியில் இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்ததுண்டு. ஊரிலிருந்து சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ விடுதியில் கொண்டுபோய் விடப்பட்ட மாணவர்களின் பெற்றோர் என்னிடம் வருவார்கள். "நல்லாப் படிச்ச பிள்ளை ஐயா, அங்க போய் கெட்டுப்போச்சு" என்பார்கள். சிலர் மணமாகிப் போன மகளைப் பற்றி அவ்வாறு சொல்லுவார்கள். பிள்ளை கெட்டதா, இருக்கிற இடத்தில் எதுவோ ஒன்று முதுகில் குத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கும்படி அவர்களிடம் நான் முன்பும் சொன்னதுண்டு. இப்போது உதாரணத்துக்கு ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது.

வாசலில் நின்று பேசிய கமிட்டி அங்கத்தினர் மறுநாள் மாலை அலுவலகத்துக்கு வந்து கணினி ஓடுவதைப் பார்த்தார். தம்பி அங்கே இருந்தான். "சரியாப்போச்சா?" என்று மட்டும் கேட்டார். வாசலில் சொன்னதை வாசலில்தான் திருத்தவேண்டும் என்று அவரிடம் தனியே சொன்னேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து அறிவிப்புகள் வேளையில் அவர் எழுந்து, இரண்டு வாக்கியத்தில் திருத்தினார். இரண்டு வாக்கியம் போதும் என்று சிலருக்குத் தோன்றிற்று. எனக்குக் குறைவாகத் தோன்றிற்று. தம்பி கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான், முகத்தை நிமிர்த்தவில்லை. கடைசிப் பாட்டை வழக்கத்தைவிடச் சற்று வேகமாக வாசித்தான்.

பதிவேட்டுப் படங்களை இப்போது இரண்டு தனி டிஸ்க்குகளில் பிரதியெடுத்து, ஒன்றை அலுவலகப் பெட்டகத்திலும் மற்றொன்றை வேறொரு கட்டடத்திலும் வைத்திருக்கிறோம். கழற்றிய தாங்கியைத் தூக்கி எறியவில்லை. என்றைக்காவது பெரிய போர்டு வாங்கினால் அதே இடத்தில் அது தேவைப்படும். ஒரு சிறிய கவரில் போட்டு, அது எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று வரைந்து, கேபினெட்டின் பக்கத்துத் தகட்டின் உட்புறம் தம்பி ஒட்டிவைத்திருக்கிறான்.